ஜோன் வில்லியம் கொலென்சோ

ஜோன் வில்லியம் கொலென்சோ (ஜனவரி 24, 1814 – ஜூன் 20, 1883) தென்னாபிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்தில் பணியாற்றிய முதலாவது ஆங்கிலிக்கன் ஆயர் ஆவார். விவிலிய ஆய்வாளர், கணிதவியலர், சூலு மொழி அறிஞர் எனவும் அறியப்படுகிறார். சூலு மக்கள் இவரை "மக்களின் தந்தை" எனப் பொருள்படும் சொபன்டு என்ற பெயரால் அழைத்தனர்.

வாழ்க்கைச் சுருக்கம்

இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் பிறந்த கொலென்சோ, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் 1836 ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். இவர் எழுதிய எண்கணித, இயற்கணிதப் பாடநூல்கள் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டன. 1853 இல் ஆயராக நியமிக்கப்பட்டார்.

சூலு மொழிப் பணி

நேட்டாலில் சூலு மொழியைக் கற்ற கொலென்சோ, அம்மொழிக்கு இலக்கணமும் 1861 இல் அகராதியும் வெளியிட்டார். புதிய ஏற்பாட்டையும் பழைய ஏற்பாட்டின் சில நூல்களையும் மொழிபெயர்த்தார். பல மனைவியரை உடையவர் திருமுழுக்குப் பெறுவதற்காக அவர்களைக் கைவிட வேண்டியதில்லை என்பது இவரது கருத்து.

விவிலிய ஆய்வும் வழக்கும்

பெருவெள்ளக் கதையை மொழிபெயர்க்கையில், இவருக்குத் துணைபுரிந்த வில்லியம் இங்கிடி என்ற சூலு, அது உண்மையில் நடந்ததா என வினவினார். அவ்வினாவை ஒதுக்க இயலாத கொலென்சோ, மோசேயின் ஐந்நூல்களையும் யோசுவா நூலையும் ஆராய்ந்து, 1862 முதல் 1879 வரை ஏழு பகுதிகளாக வெளியிட்டார். அந்நூல்கள் கூறும் மக்கள்தொகை முதலான எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையைக் கணக்கிட்டுக் காட்டினார். இதனால் கேப் டவுன் ஆயர் இராபர்ட் கிரே 1863 இல் இவரைப் பதவிநீக்கம் செய்தார். எனினும் கிரேக்கு அந்த அதிகாரம் இல்லை என இலண்டன் பிரிவி கவுன்சில் 1865 இல் தீர்ப்பளித்தது. 1869 இல் எதிர்த்தரப்பினர் வேறோர் ஆயரை அமர்த்தினர். நேட்டாலில் இரு ஆயர்கள் இருக்கும் நிலை உருவானது.

மக்களுக்காகக் குரல்

துப்பாக்கிகளைப் பதிவு செய்வது தொடர்பான பிணக்கில் இலுபி மக்களின் தலைவர் இலங்கலிபலேலே 1873 இல் கைதாகி, பின்னர் ரொபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவ்விசாரணை நீதியற்றது என எதிர்த்த கொலென்சோ, 1874 இல் இங்கிலாந்து சென்று முறையிட்டார். அடுத்த ஆண்டு நேட்டால் ஆளுநர் திருப்பியழைக்கப்பட்டார். ஆயினும் அதிகாரி சேப்சுட்டனுடன் கொண்டிருந்த நெடுநாள் நட்பை இவர் இழந்தார். முன்பு ஆதரித்த வெள்ளையரும் விலகினர். 1879 இல் இசன்டில்வானாச் சமரில் பிரித்தானியப் படை தோற்றபின் ஆற்றிய மறையுரையில், சூலு மக்களிடம் நாம் நீதியாக நடந்தோமா என வினவினார். சிறைப்பட்ட மன்னர் செட்சுவாயோவுக்காகவும் வாதாடினார்.

மறைவு

1883 இல் காலமான கொலென்சோவின் உடல் பீட்டர்மரிட்சுபர்க் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மகள் ஹரியட் இவரது பணியைத் தொடர்ந்து, செட்சுவாயோவின் மகன் தினுசுலுவுக்காக வாதாடினார். நேட்டாலிலுள்ள கொலென்சோ நகரம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.