தூத்தூர் ஆழ்கடல் மீன்பிடிப்பு
தூத்தூர் ஆழ்கடல் மீன்பிடிப்பு என்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடலோர ஊர்களின் மீனவர்கள், சுறா, சூரை போன்ற மீன்களுக்காக அரபிக்கடலில் பல வாரங்கள் தங்கிச் செய்யும் தொழிலாகும்.

புறப்பாடு

விசைப்படகுகள் தேங்காய்ப்பட்டணம், கொச்சி ஆகிய துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. பயணம் முழுமைக்கும் தேவையான டீசல், பனிக்கட்டி, குடிநீர், அரிசி ஆகியன முன்னரே ஏற்றப்படும். நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்ட தூண்டில்களால் மீன் பிடிக்கப்படுகிறது. பிடித்த மீன் கெடாதிருக்கப் பனிக்கட்டி தேவையாதலால், அதன் இருப்பும் பயண நாட்களை வரையறுக்கிறது.

ஒக்கி புயல்

படகுகளிலுள்ள வானொலிக் கருவிகள் கரையிலிருந்து குறுகிய தொலைவுக்கே பயன்படும். இதனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் உருவானபோது, முன்னரே புறப்பட்டுத் தொலைவிலிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. இவ்வூர்களைச் சேர்ந்த பலர் உயிரிழந்தனர். பின்னர் தமிழ்நாட்டுப் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகள் பொருத்தப்பட்டன.