சிதறிய ஒளி சொல்லும் கணக்கு

ஓசூர், பர்கூர் பக்கத்துப் பட்டறைகளில் லேசர், பிளாஸ்மா இரண்டுமே தகடு வெட்டும் வேலையால் பழகிப்போன சொற்கள். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இவ்விரண்டையும் சேர்த்து எலக்ட்ரான்களை முடுக்குகிறார்கள். அங்குள்ள லேசர்களில் ஒன்றின் திறன் 150 டெராவாட். ஒரு துடிப்பு நீடிப்பதோ சுமார் 25 ஃபெம்டோ விநாடிதான்.

இப்படி முடுக்குவது, 1979-இல் இயற்பியலாளர்கள் டஜிமாவும் டாசனும் முன்வைத்த யோசனை. வாயுத் தாரைக்குள் பாயும் துடிப்பு, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து வாயுவைப் பிளாஸ்மாவாக்கும். எலக்ட்ரான்களை ஒதுக்கித் தள்ளியபடியே முன்னேறும். விசைப்படகுக்குப் பின்னால் எழுவதுபோல் அதன் பின்னே ஓர் அலை எழும். அதில் சிக்கும் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டருக்குள் பல கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை எட்டிவிடும். வழக்கமான முடுக்கிகளுக்கு இதற்கே பல மீட்டர் நீளம் வேண்டும்.

அந்த அலையை எப்படி அளப்பது? அதன் நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். கருவி எதையாவது உள்ளே நீட்டினால் பிளாஸ்மாவே கலைந்துவிடும். எனவே சிதறி வரும் ஒளியைத்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் வருகிறார். மூலக்கூறுகளின் அதிர்வு, சிதறும் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் என்று 1928-இல் அவர் காட்டினார். பிளாஸ்மாவில் அதே வேலையை எலக்ட்ரான் அலை செய்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁹ எலக்ட்ரான்கள் இருந்தால், 800 நானோமீட்டர் லேசரின் இருபுறமும் சுமார் 744, 866 நானோமீட்டரில் புதிய கோடுகள் தோன்றும். அடர்த்தி நான்கு மடங்கானால் அதிர்வெண்ணின் விலகல் இரு மடங்காகும். ஆகவே விலகலை அளந்தால் அடர்த்தி கிடைத்துவிடும். லேசர் மிகவும் வலுத்தால் எலக்ட்ரானின் நிறை கூடி விலகல் சற்றே குறையும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பக்கவாட்டில் சிதறும் ஒளிக்கு வேறொரு பயன் உண்டு. தனித்தனி எலக்ட்ரான்கள் சிதறடிப்பதைத் தாம்சன் சிதறல் என்பார்கள். கேமராவில் அது மெல்லிய ஒளிக்கோடாக விழும். லேசர் விரியாமல் எவ்வளவு தூரம் போனது என்பதை அந்தக் கோட்டின் நீளம் காட்டும். இந்த முறையின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1969-இல் பிரிட்டிஷ் குழு ஒன்று இதே தாம்சன் சிதறலை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், டோகமாக் என்ற அணுக்கருப் பிணைவுக் கருவியில் எட்டியதாக சோவியத் அறிஞர்கள் சொன்ன வெப்பநிலை உண்மைதான் என்று உறுதிசெய்தது. பனிப்போர்க் காலத்தில் எழுந்த ஐயத்தை ஓர் அளவீடு தீர்த்துவைத்தது!

ஆனால் ராமன் சிதறல் அளவு மீறினால் அது இழப்பு. அலையை எழுப்ப வேண்டிய ஆற்றல் பக்கவாட்டில் கசிந்துவிடும். அதனால் நிறமாலையைப் பார்த்து வாயுவின் அழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொண்டுதான் அடுத்த துடிப்பை விடுகிறார்கள்.