வண்டி பழசு, இன்ஜின் பெருசு... தெரியுமா?

TN 06 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்தால், அது சென்னை மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்த வண்டி. மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்று பேர் வாங்கிய ஊரில் இன்று குதிரைத்திறனுக்குக் கணக்கு எழுதுகிறார்கள்! அந்தக் கணக்கில் உங்கள் காரின் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஜோடியாகப் பதிந்திருக்கும்.

லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கார். புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. "போர் பண்ற செலவுக்குப் பெரிய இன்ஜினாவே தூக்கி வெச்சிடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். அவருக்கு முன்பே இந்த வேலையைக் கார் கம்பெனிகளே செய்தன என்பது தெரியுமா?

நம் அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் வந்தபோது அதில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வ் இன்ஜின். அடுத்து 1489 சி.சி. பெட்ரோல் வந்தது. பிறகு டீசல் வந்தது. அதன் சக்தி வெறும் 37 குதிரை! 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசூ இன்ஜின், 1817 சி.சி., 75 குதிரை. அதே குண்டு பாடிக்குள் டீசலைப்போல இரண்டு மடங்கு சக்தி! ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர் தண்டு தரைக்கு இறங்கி ஐந்து கியரானது. அண்ணன் அம்பாசிடரின் கதை இப்படி என்றால், 1984-ல் அதே 1489 சி.சி. இன்ஜினுடன் வந்து பாடியின் கனத்தை இழுக்கத் திணறிய, அதே கம்பெனியின் தம்பி கான்டெஸாவுக்கும் இசுசூதான் கைகொடுத்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் வண்டலூர் பக்கத்தில் நடந்தது தெரியுமா? ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை இறக்கியது. பாடி, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று விருது வாங்கிய அழகி அது. அங்கே எட்டு சிலிண்டர், 3528 சி.சி. இன்ஜினுடன் பறந்தது. இங்கே அதற்குள் வைத்தது 1991 சி.சி. இன்ஜின். அதன் பூர்வீகம் 1940-களின் வான்கார்டு கார். அதே குடும்பத்து இன்ஜின் ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதிருக்கிறது, ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் சீறியிருக்கிறது! இன்னொரு அதிசயம்: அது வெட் லைனர் வகை. சிலிண்டர் தேய்ந்தால் போர் பண்ணத் தேவையில்லை. லைனரை உருவிவிட்டுப் புதிதைச் செருகினால் ஆயிற்று. இத்தனை நல்ல குணம் இருந்தும் அந்தப் பாடிக்கு அது போதவில்லை. 1988-ல் எல்லாம் முடிந்தது. சென்னை மண்ணில் பிறந்த அந்தக் காருக்கு அதன் சொந்த இன்ஜின் கிடைத்திருந்தால் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

அந்த ரோவர் எட்டு சிலிண்டர் இன்ஜின் அலுமினியத்தால் ஆனது. கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர் அதை எம்.ஜி.பி. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறக்கிக் காட்டினார். அந்தக் காரைச் செய்த கம்பெனியே அசந்துபோய் 1973-ல் தானும் அப்படியொரு காரை விற்றது. காஸ்டெல்லோ கழற்றிப்போட்ட நான்கு சிலிண்டர் இன்ஜின் எது தெரியுமா? நம் அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினுக்குத் தம்பி! சிலிண்டர் இரட்டிப்பானது, சி.சி. ஏறக்குறைய இரட்டிப்பானது, எடை மட்டும் கொஞ்சம்தான் கூடியது.

அதிர்ஷ்டம் எல்லா இன்ஜினிலும் இப்படி அமையாது. கனமான இரும்பு இன்ஜினை வைத்தால் முன் ஸ்பிரிங் தாழும். மவுண்டை வெட்டி ஒட்ட வேண்டும், கிளட்ச், கியர்பாக்ஸ், பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர் எல்லாம் மாறும். பிரேக்கோ பழைய வேகத்துக்குச் செய்தது! மணிக்கு 80 கிலோமீட்டரில் போனவர் 110-ல் போனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் தேடும்போதே பிரேக்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு: அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கேட்காமல் மாற்றினால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸும் கை விரிக்கலாம். ஆகவே இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் அனுமதி கேளுங்கள். TN 06 என்றால், மந்தைவெளிக்கு.