புனல் பெரிசாக இருந்தால் போதுமா?

2023-ஆம் வருஷம் ஆடி மாதம். எங்கள் பழைய லாப்டாப்பிலிருந்து "டக்… டக்…" என்று ஒரு சத்தம். சுவரில் பல்லி என்று முதலில் நினைத்தேன். ரிப்பேர் கடைப் பையன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போகப் போவுதும்மா. உள்ளே இருக்கிறதை இன்னிக்கே வேற ஒண்ணுல எடுத்து வெச்சிடுங்க" என்றான்.

உள்ளே இருந்தது 2008 முதல் சேர்த்த போட்டோக்கள், வீடியோக்கள். கிட்டத்தட்ட 400 ஜிகாபைட். பையனுக்குக் காது குத்தியது முதல், எங்கம்மா என் பெண்ணை மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு கைமுறுக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்த 2018 தீபாவளி வரை எல்லாம் அதில்தான். அம்மா 2020-ல் போய்விட்டாள்.

அன்று மாலையே வெளியில் சொருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர். மறுநாள் காலை அவரும் பெண்ணும் கிளம்பின பிறகு, ஒன்பதரைக்குச் சொருகி காப்பி போட்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று திரை சொன்னது. ஆகட்டுமே, குழம்புக்குப் புளியைக் கரைக்கலாம் என்று எழுந்து போனேன். பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போச்சு. லாப்டாப் பாட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கரண்ட் வந்ததும் போட்டால், டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. 2016 வரைக்கும்தான் காப்பி ஆகியிருந்தது. அதற்குப் பிறகு உள்ளதை மீட்டுத் தருகிறோம் என்று ஓரிடத்தில் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து பையன் வந்தான். "அம்மா, நீ எந்தப் பக்கத்து ஓட்டையில சொருகினே?" என்றான். இடது பக்கம். அதற்குள் கறுப்புப் பிளாஸ்டிக். வலது பக்கத்தில் இருந்ததற்குள் நீலம். நீலத்தில் சொருகியிருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள், அதாவது பதினோரு மணிக்கே, முடிந்திருக்குமாம். சகோதரிகளே, அன்று நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் பையனை உட்கார வைத்து இந்த வேகக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கறுப்பு, பெரும்பாலும் யு.எஸ்.பி. 2.0. அது 2000-ல் வந்தது. வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நீலம், 2008-ல் வந்த 3.0, வேகம் 5 ஜிகாபிட், பத்து மடங்குக்கும் மேல். (நீலமே அடிக்காத கம்பெனிகளும் உண்டு. பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.)

இதில் ஒரு சூட்சுமம். அட்டைப் பெட்டியில் போடுவது பிட் கணக்கு. நம் போட்டோக்கள் பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். நம் பாட்டிமார்கள் எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளந்தார்களே, அதே கணக்குதான்! ஆகவே 480-ஐ எட்டால் வகுத்தால் 60. வழியில் சிந்துவது போக, கைக்கு வருவது முப்பது, நாற்பது மெகாபைட்தான்.

அப்படியானால் இருப்பதிலேயே வேகமான இணைப்பாக வாங்கிவிட்டால் ஆச்சா? இல்லை. டின்னிலிருந்து பாட்டிலுக்கு எண்ணெய் ஊற்றுகிறோம். புனல் எத்தனை அகலமாக இருந்தால் என்ன? டின்னில் போட்ட ஓட்டை சிறிசானால் எண்ணெய் நூலாகத்தானே வரும்! உள்ளே தட்டு சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்று முப்பது மெகாபைட் கொடுத்தாலே அதிகம். அதற்கு 5 ஜிகாபிட் புனலே தாராளம். 10 ஜிகாபிட் என்று சொல்லிக் கூடக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சுற்றாத எஸ்.எஸ்.டி. வகை வேறு ஜாதி. 5 ஜிகாபிட்டில் நானூறு மெகாபைட், 10 ஜிகாபிட்டில் ஆயிரம் வரைகூடப் போகும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரிலும் அந்த வேகத்துக்கான ஓட்டை இருக்க வேண்டும். கீழே விழுந்தாலும் சட்டென்று கெடாது என்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. விலைதான் கடிக்கும்.

பெயர்களில் ஏமாறாதீர்கள். 3.0 என்பதையே பின்னால் '3.1 ஜென் 1' என்றும், '3.2 ஜென் 1' என்றும் மாற்றி மாற்றி அச்சடித்தார்கள். கதம்ப சாதத்துக்குப் புதுப் பெயர் வைத்தது போல! கடையில், "அஞ்சு ஜிகாபிட்டா, பத்தா?" என்று மட்டும் கேளுங்கள். 'சி' வாய் என்பது வெறும் வடிவம். வேகத்துக்கு ஜாமீன் அல்ல. போன் சார்ஜருடன் வரும் 'சி' கேபிள் பலவும் 2.0 வேகம்தான். டிஸ்க்கோடு வந்த கேபிளையே அதனுடன் ரப்பர் பாண்டு போட்டு வையுங்கள்.

இன்னொன்று: ஒரே பெரிய வீடியோ ஜோராகப் போகும், ஆயிரக்கணக்கான குட்டிப் போட்டோக்கள் நகரவே நகராது. பூசணிக்காயைத் தூக்குவதும் கடுகு பொறுக்குவதும் ஒன்றாகுமா? அதனால் எது போனால் அழுவோமோ, அதை முதலில் காப்பி போடுங்கள். நான் வருஷ வரிசையில் போட்டேன், அசடு!

இப்போது எங்களிடம் இரண்டு டிஸ்க். ஒன்று என் பீரோவில், மற்றது திருச்சியில் தங்கை வீட்டில். முறுக்கு சுற்றும் வீடியோவில் நாற்பது நொடி மட்டும் நான் எப்போதோ அனுப்பியது அவள் போனில் கிடந்தது. "இப்படி இல்லேடி கண்ணு, விரலை மடக்கு" என்கிறாள் அம்மா. இரண்டிலும் முதலில் போட்டது அதைத்தான்.