கனடா செல்வோரும் இரண்டாம் மொழியும்

தொழிற்கல்வி கற்ற நம் பிள்ளைகள் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும்போது, ‘இரண்டாம் மொழி’ என்னும் பகுதி அவர்களைத் திகைக்க வைக்கிறது. அங்கத்தினர்கள் இதனை நன்கு அறிதல் நலம்.

அந்நாட்டின் ஆட்சிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சுமே. ஒன்றை முதல் மொழியாகக் காட்டினால், மற்றதே இரண்டாம் மொழியாகும். தமிழ்ப் புலமைக்கு இங்கே புள்ளி இல்லை.

பள்ளிச் சான்றிதழோ பட்டமோ போதாது. அந்நாட்டு அரசாங்கம் ஏற்றுள்ள தேர்வின் முடிவே சான்று. பிரெஞ்சு மொழிக்கு டி.இ.எஃப். கனடா, டி.சி.எஃப். கனடா என இரு தேர்வுகள் உள்ளன. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் சோதிக்கப்படும்.

தேர்ச்சித் தொழிலாளர் திட்டத்தில் தகுதி பெற 100-க்கு 67 புள்ளிகள் வேண்டும். முதல் மொழிக்கு 24 வரை உண்டு. இரண்டாம் மொழிக்கு 4. நான்கு திறன்களிலும் 5-ஆம் படியை எட்டினால்தான் அந்த 4 கிடைக்கும். மூன்றில் வென்று ஒன்றில் தவறினால் ஒரு புள்ளியும் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தாலும் துணியில் குறை தெரியுமன்றோ!

தகுதி பெற்றோரைத் தரவரிசைப்படுத்தும்போது பிரெஞ்சின் மதிப்பு உயர்கிறது. அதில் நான்கு திறன்களிலும் 7-ஆம் படியும், ஆங்கிலத்தில் 5-ஆம் படியும் உடையோர்க்கு 50 புள்ளிகள் கூடுதலாக உண்டு.

தேர்வு முடிவு இரண்டாண்டுகளே செல்லும். ஆதலின் விண்ணப்பிக்கும் நாளைக் கணக்கிட்டே பணம் கட்டுக. இரண்டாம் மொழி கட்டாயமன்று. அது இன்றியே 67 புள்ளிகள் பெறுவோரும் உளர். எனவே முதலில் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்; கடன் வாங்குவதைப் பற்றிப் பின்னர் யோசிக்கலாம்.