குரும்பகரத்தில் 'ஏர்' எடுத்தார்கள்!

காரைக்காலுக்குப் போயிருக்கிறீர்களா? கடற்கரையையும் அம்மையார் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். கொஞ்சம் உள்ளே, நெடுங்காட்டுப் பக்கம், குரும்பகரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1954 நவம்பர் முதல் தேதி வரை பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த பூமிதான் அதுவும். ஆனால் வயலையும் வாய்க்காலையும் பார்த்தால் பக்கத்துத் தஞ்சைச் சீமைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. காவிரியின் கடைமடை.

குறுவை அறுவடைச் சமயத்தில் ஒரு நாள் அங்கே நின்றுகொண்டிருந்தேன். களத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூட்டை ஏற்ற வந்த லாரியோ ஊர் எல்லையிலேயே 'புஸ்'ஸென்று ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மெக்கானிக் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏர் எடுக்கணும்" என்றார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏந் தம்பி, அறுத்த நெல்லே இன்னும் வீடு வந்து சேரலே, அதுக்குள்ளே ஏர் எதுக்கு?" என்றார்.

மெக்கானிக் சொன்ன ஏர் கலப்பை அல்ல, காற்று. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீருக்கு நடுவே காற்று போய் உட்கார்ந்துகொண்டதுதான் அத்தனை ரகளைக்கும் காரணம்.

"நேத்துதான் அண்ணே ஹோஸ் மாத்தினேன். ரேடியேட்டர் வாய் வரைக்கும் தண்ணி ஊத்தினேனே!" என்று டிரைவர் அழாத குறையாகச் சொன்னார். வாஸ்தவம்தான். ரேடியேட்டர் நிறைந்தது, எஞ்சின் நிறையவில்லை. ஒரு குடத்தைக் கவிழ்த்தபடியே குளத்தில் அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே தண்ணீர் முழுக்க ஏறாது. சற்றே சாய்த்தால் போதும், 'குளுக் குளுக்' என்று காற்று வெளியேறும், குடம் நிறையும். எஞ்சினுக்குள்ளும் இப்படிக் கவிழ்ந்த குடம்போல் மேடான மூலைகள் உண்டு. போதாக்குறைக்குத் தண்ணீர்ப் பாதையில் 'தெர்மோஸ்டாட்' என்று ஒரு கதவு வேறு. அதற்குள் இருக்கும் மெழுகு ஏறக்குறைய 80 டிகிரி உஷ்ணத்தில் உருகி விரிந்தால்தான் கதவு திறக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் ஊற்றினால், மூடிய கதவுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன? வயற்காட்டு பம்பு செட்டைக் கேளுங்கள். குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. லாரியின் தண்ணீர்ப் பம்பும் அதே ஜாதிதான். காற்று நிற்கும் இடத்தில் சிலிண்டரின் தலைப்பாகம் தண்ணீர் படாமல் காயும், வளையும், அதன் அடியில் உள்ள காஸ்கெட் கருகும். பிறகு எஞ்சினைப் பிரித்து மேய வேண்டியதுதான். சொந்த லாரிக்காரரானால் பல மாதச் சம்பாத்தியம் அதிலேயே போய்விடும்.

இதில் பெரிய துரோகம் செய்வது, டிரைவருக்கு முன்னால் உஷ்ணத்தைக் காட்டும் முள். அது தண்ணீரின் சூட்டைத்தான் அறியும். உணரும் கருவியைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் காற்று இருந்தால், உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் பரம சாதுவாகப் படுத்திருக்கும்.

டிரைவர் பரபரப்பில் ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தார். மெக்கானிக் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். நியாயமான கோபம். வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் சாதாரணக் காற்றைப்போல் இரண்டு மடங்கானால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது, இரும்பு வெடித்துவிடும். ஆகவே காத்திருந்தோம். மேகம் காத்திருக்கவில்லை!

எஞ்சின் ஆறியதும், "வண்டி மூக்கு மேலே பார்க்கணும். மேடு எங்கே இருக்கு?" என்றார் மெக்கானிக். காரைக்கால் சீமையில் மேட்டுக்கு எங்கே போவது? கடைசியில் வாய்க்கால் பாலத்தின் ஏற்றம்தான் கைகொடுத்தது. காலி லாரியை எல்லோருமாகத் தள்ளி, முன் சக்கரங்களை அதில் ஏற்றிப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். ரேடியேட்டர் வாய் எல்லாவற்றிலும் உயரமாக நின்றது. காற்று மேல்நோக்கித்தானே போகும்?

தெர்மோஸ்டாட் மேல் இருந்த சின்னத் திருகை மெக்கானிக் தளர்த்தினார். கிளீனர்ப் பையன் ரேடியேட்டரில் நூல் பிடித்தாற்போல் மெதுவாக ஊற்றினான். வேகமாக ஊற்றினால் தண்ணீரே காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகுமாம். திருகு வழியாக முதலில் சீறல், பிறகு நுரை, அப்புறம் குமிழியே இல்லாத ஒழுக்கு. திருகை இறுக்கினார். ஹோஸைப் பசுவின் மடியைப்போல் பிசைந்துவிட்டார். மூடியைப் போடாமலே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்தது போலும். மேல் ஹோஸ் சுட ஆரம்பித்தது, தண்ணீர் மட்டம் திடீரென்று கீழே இறங்கிற்று. மறுபடி ஊற்றினார்கள். 'வாய் வரைக்கும்' நிறைந்திருந்ததாகச் சொன்ன லாரி அரைக் குடத்துக்கு மேல் குடித்துவிட்டது!

குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்றார் மெக்கானிக். அது வெளிக்காற்று அல்ல, காஸ்கெட் வழியாகக் கசியும் எரிந்த வாயு. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் தீராது.

இன்னொரு விஷயம். கடலோர ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ஊற்றினால் துரு. அதனால்தான் இப்போதைய லாரிகளுக்குக் 'கூலன்ட்' ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் உள்ள கிளைக்கால் தித்திக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் இருக்கும் இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றும்படி டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார். கடைசி மூட்டையை ஏற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூற்றல் விழுந்தது.