போனில் வரும் பயம்

தோட்டத்திலே வதந்தி புதிதல்ல. முன்பு பிரட்டுக்களத்தில் ஒருவர் ஏதாவது கதை சொன்னால், "யார் சொன்னது? நீ கண்ணால பாத்தியா?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம். அவர் மழுப்பினால் கதை அத்தோடு முடிந்தது. இன்று வட்ஸ்அப்பில் வருகிற குரல் யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம் பேசியது என்று ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்க ஆள் இல்லாததாலேயே பயம் கூடிவிடுகிறது.

"வேனில் வந்து பிள்ளை பிடிக்கிறார்கள்" என்கிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு காம்பராவுக்கு வந்தால், விடிவதற்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். மறுநாள் தாய்மார் பேரை விட்டுவிட்டுப் பிள்ளைக்குக் காவல் இருப்பார்கள். மாலை வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளையை மறிப்பார்கள். வேன் வராது, ஆனால் ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். இதற்காக நான் தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை விஷயத்தில் யார்தான் பரீட்சித்துப் பார்ப்பார்கள்?

அதைவிட ஆபத்து, அந்தப் பயம் முன்பின் தெரியாத ஆள்மேல் திரும்புவது. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் 2018 ஜூலை 1ஆம் திகதி, பிச்சை எடுத்துப் பிழைக்க வந்த 5 பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். நம்முடைய லயத்துக்கும் புடவைக்காரர், பாத்திரக்காரர் வருகிறார்கள் அல்லவா?

நம் நாட்டிலும் நடந்தது. 2018 பெப்ரவரியில், சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை பரவி, அம்பாறையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அடுத்த மாதம் கண்டிப் பக்கம் திகனையில் கலவரம் மூண்டபோது, அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாள் நிறுத்தி வைத்தது. பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன?

ஆகவே செய்தி வந்ததும் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எந்த ஊர், என்ன திகதி, எந்தப் பொலிஸ் நிலையம் என்று பாருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் கிராம சேவகரிடம் கேளுங்கள். மெய்யாகவே பிள்ளையைக் காணாவிட்டால் குரூப்பில் போட்டுக்கொண்டு நிற்காமல் உடனே 119க்கு அழையுங்கள்.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். பெண்பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு, "காசு தா, இல்லாட்டி எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்தால் மறுபடியும் கேட்பான். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்களும் உண்டு. பிள்ளையை அடித்துப் போனைப் பறித்தால், அடுத்த முறை உங்களிடம் வாய் திறக்க மாட்டாள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், கூட வருகிறோம். போனையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.